புது நூலகம் கட்டும் முன் பேரூராட்சியோடு பேசித் தீர்க்க வேண்டியவை

கன்னியாகுமரி மாவட்டத்தில் கேரள எல்லையோரம், மார்த்தாண்டத்துக்கும் களியக்காவிளைக்கும் இடைப்பட்ட ஒரு பேரூரின் வாசகர் வட்டச் செயலாளர் கேட்டிருக்கிறார். சந்தைக்குப் பக்கத்தில் ஓட்டுக் கூரையோடு நிற்கும் பழைய கிளை நூலகத்தை இடித்துவிட்டு, அதே இடத்தில் நூலகம், போட்டித் தேர்வுக்குப் படிக்கும் அறை, சமூகக் கூடம் மூன்றையும் ஒரே கட்டடமாகக் கட்டப் பேச்சு நடக்கிறதாம். வரைபடம் இன்னும் முடிவாகவில்லை. "நாங்க என்னென்ன கேக்கணும்? கேரளாவுல பாறசாலைப் பக்கம் ஊர்க்காரங்களே நடத்துற மாதிரி நம்ம ஊர்லயும் நடத்த முடியாதா?" என்பது கேள்வி. பொது நூலகத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்பதால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

தம்பி, கட்டடம் வந்துவிடும். ஏதாவது ஒரு திட்டத்தில் நிதி கிடைக்கும், திறப்பு விழாவுக்குப் பந்தலும் போடுவார்கள். அது முடிந்து ஆறு மாதம் கழித்து, சாயங்காலம் ஏழு மணிக்கு அந்தச் சாவி யார் கையில் இருக்கும்? கரண்ட் பில்லை யார் கட்டுவார்கள்? நூலகர் மாற்றலாகிப் போய், புது ஆள் வராத மாதங்களில் கதவை யார் திறப்பார்கள்? இவற்றை எழுத்தில் முடித்துக்கொள்ளாமல் டெண்டருக்குப் போகிற ஊர்களில்தான் பளபளப்பான நூலகங்கள் பூட்டிக் கிடக்கின்றன. சுவர் நிறத்தையும் முகப்பு வளைவையும் பற்றிப் பேசுகிற கூட்டத்தில் இதைக் கேட்டால் உங்களை முறைப்பார்கள். பரவாயில்லை, கேளுங்கள்.

எல்லைக்கு அந்தப் பக்கம் இருப்பதும் நம்மிடம் இருப்பதும் இரண்டு வேறு ஏற்பாடுகள். இந்திய நூலகவியலின் தந்தை எஸ்.ஆர். ரங்கநாதனின் முயற்சியால் 1948-ல் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் வந்தது. விடுதலைக்குப் பிறகு இந்தியாவில் வந்த முதல் நூலகச் சட்டம் அதுதான். அதன்படி நூலகம் அரசின் பொறுப்பு. சொத்து வரியோடு சேர்த்து ரூபாய்க்கு 10 பைசா நூலக வரி வசூலாகிறது. உள்ளாட்சி அதை வசூலித்து மாவட்ட நூலக ஆணைக்குழுவிடம் கட்ட வேண்டும். நூலகர் சம்பளக்காரர், புத்தகம் துறை வழியாக வரும்.

கேரளத்தில் வரலாறு வேறு வழியில் போனது. 1945 செப்டம்பர் 14 அன்று அம்பலப்புழையில் 47 நூலகங்களின் ஆட்களைக் கூட்டி பி.என். பணிக்கர் என்ற ஆசிரியர் ஒரு நூலகச் சங்கம் அமைத்தார். அப்போது நம் விளவங்கோடு, கல்குளம் தாலுகாக்கள் திருவிதாங்கூரில்தான் இருந்தன. 1956 நவம்பர் 1-ல்தான் நாம் இந்தப் பக்கம் வந்தோம். ஆக, அந்த இயக்கம் நமக்கு வெளியூர்ச் சரக்கு இல்லை. 1975-ல் எழுத்தறிவுப் பணிக்கான யுனெஸ்கோவின் குரூப்ஸ்கயா விருது அந்தச் சங்கத்துக்குக் கிடைத்தது. 1989-ல் அங்கும் தனிச் சட்டம் வந்தது, அதன் கீழ் லைப்ரரி கவுன்சில் அமைந்தது. ஆனால் நூலகத்தின் உடைமை ஊர்க்காரர்களிடமே நின்றது. உறுப்பினர்கள் பொதுக்குழு கூடி நிர்வாகக் குழுவைத் தேர்ந்தெடுப்பார்கள். கவுன்சில் தரம் பிரித்து மானியம் கொடுக்கும், நூலகருக்கு ஒரு சிறு படி கொடுக்கும். குழந்தைகளுக்குப் பாலவேதி, பெண்களுக்கு வனிதாவேதி, இளைஞர்களுக்கு யுவவேதி என்று கிளைகள் வைத்து, நூலகம் ஊரின் சாயங்கால இடமாகவே இருக்கும்.

இதைச் சொன்னவுடன் "அப்போ கேரள முறைதான் நல்லது" என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அங்கே குழுத் தேர்தலில் கட்சி புகுந்தால் எதிர்க்கட்சிக்காரர் படியேற மாட்டார். சிறு படிக்கு வேலை பார்க்கும் நூலகரிடம் முழு நாள் சேவை எதிர்பார்க்க முடியாது. டி.வி.யும் கேரம் போர்டும் மட்டும் மிச்சமாகிப் போன வாசகசாலைகளும் உண்டு. நம் பக்கத்தில் பயிற்சி பெற்ற நூலகர் இருக்கிறார், புத்தகம் ஒழுங்காகப் பதிவாகிறது, அடுக்கு ஒழுங்காக இருக்கிறது. ஆனால் நூலகர் வீட்டுக்குப் போகும்போது நூலகமும் கூடவே போய்விடுகிறது. ஒருவரே இரண்டு ஊர் நூலகத்தைக் கவனித்தால், அவர் அங்கே இருக்கும் நாளில் இங்கே பூட்டு. உங்கள் ஊர் எல்லையில் இருப்பதன் லாபமே இதுதான். நூலகரையும் புத்தகத்தையும் இந்தப் பக்கத்து ஏற்பாட்டிலிருந்தும், சாவியையும் குழுவையும் அந்தப் பக்கத்து ஏற்பாட்டிலிருந்தும் எடுத்துக்கொள்ளலாம். சட்டம் குறுக்கே நிற்காது. ஒப்பந்தம்தான் வேண்டும்.

ஒப்பந்தத்துக்கு முன்னால் இரண்டு காகிதங்களைப் பாருங்கள். ஒன்று, அந்த நிலம் யார் பெயரில் இருக்கிறது என்பது. நம் தாலுகாவில் பல நூலக இடங்கள் ஏதோ ஒரு குடும்பம் தானமாகக் கொடுத்தவை. தானப் பத்திரத்தில் "நூலகத்துக்கு மட்டும்" என்று ஒரு வரி இருந்தால், சமூகக் கூடம் கட்டும்போது வாரிசுகள் யாராவது கோர்ட்டுக்குப் போகலாம். நூலக ஆணைக்குழு பெயரில் இருந்தால் பேரூராட்சி தன்னிச்சையாக இடிக்க முடியாது. வில்லங்கச் சான்று எடுக்க ஆகும் செலவு சொற்பம். இரண்டாவது, இந்தக் கட்டடம் எந்தத் துறையின் கணக்கில் வரப்போகிறது என்பது. கலைஞர் நகர்ப்புற மேம்பாட்டுத் திட்டத்தில் கட்டி 2024 ஜனவரியில் திறந்த 'நூலகம் மற்றும் அறிவுசார் மையம்' என்ற வகை உள்ளாட்சியின் கையில் இருப்பது. உங்கள் பழைய கிளை நூலகமோ பொது நூலகத் துறையைச் சேர்ந்தது. புதுக் கட்டடம் முதல் வகையில் வந்தால், பழைய நூலகரும் பழைய புத்தகங்களும் அதற்குள் போவார்களா, அல்லது சந்தைக்குள் ஏதாவது வாடகை அறைக்குப் போவார்களா? இரண்டு துறையும் "அது அவங்க பாத்துப்பாங்க" என்று சொல்லும் இடம் இதுதான்.

பணக் கணக்கையும் ஒருமுறை போட்டுப் பாருங்கள். ஊரில் எட்டாயிரம் கட்டடங்கள், சராசரி சொத்து வரி ஆண்டுக்கு 1,500 ரூபாய் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டால், நூலக வரி மட்டும் 12 லட்சம். அது உங்கள் ஊருக்கென்று நேராகத் திரும்பி வராது, மாவட்டம் முழுமைக்கும் பொதுவான பணம். ஆனாலும் உங்கள் பேரூராட்சி எவ்வளவு வசூலித்தது, எவ்வளவை ஆணைக்குழுவிடம் கட்டியது என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்கி வையுங்கள். பல உள்ளாட்சிகள் பாக்கி வைப்பது புது விஷயமில்லை. அந்தத் தாள் கையில் இருந்தால் கூட்டத்தில் உங்கள் குரலின் எடையே வேறு.

இனி கட்டடம். இதில் நீங்கள் விட்டுக்கொடுக்கவே கூடாதது ஒன்று உண்டு. "கீழே ரோட்டோரம் கடை கட்டி வாடகைக்கு விடலாம், நூலகத்தை மேலே வைக்கலாம்" என்ற யோசனை கட்டாயம் வரும். பேரூராட்சிக்கு வருமானம், ஒப்பந்தக்காரருக்கும் சந்தோஷம். ஆனால் நாளிதழ் படிக்க வருகிற எழுபது வயதுக்காரர் மாடி ஏறமாட்டார். சாய்தளம் அமைக்க வேண்டுமானால் ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்பது விதி. தரையிலிருந்து ஒன்றரை அடி உயர்ந்த வாசலுக்குப் பதினெட்டு அடி சாய்தளம் போதும். பதினொரு அடி உயர மாடிக்கு? நூற்று முப்பது அடிக்கு மேல் வேண்டும், சந்தையைத் தாண்டிப் போய்விடும். லிஃப்ட் வைப்பார்கள். பராமரிப்பு ஒப்பந்தம் புதுப்பிக்காத ஆண்டில் அதில் 'பழுது' என்று தாள் ஒட்டிவிடுவார்கள்.

எடையும் ஒரு காரணம். நம் நாட்டுக் கட்டடத் தரநிலைப்படி வீட்டுத் தளத்தைச் சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ தாங்கும்படி வடிவமைப்பார்கள். புத்தக அடுக்கு நிற்கும் அறைக்கு, அடுக்கு ஏழேகால் அடி உயரம் என்றாலே, சுமார் 600 கிலோ தாங்க வேண்டும். மூன்று மடங்கு. கடைக்கும் அலுவலகத்துக்கும் என்று போட்ட தளத்தில் பின்னால் அடுக்குகளை ஏற்றினால் தளம் தொய்ந்து, கதவு நிலையில் சிக்கும். வடிவமைக்கும் பொறியாளரிடம் "எந்த அறைக்கு எத்தனை கிலோ போட்டிருக்கீங்க?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். உடனே பதில் வரவில்லை என்றால் யாரோ ஒரு வணிக வளாகத்தின் வரைபடத்தைத் தலைப்பு மாற்றிக் கொண்டுவந்திருக்கிறார்கள் என்று அர்த்தம். நூலகம் வளர்ந்துகொண்டே இருக்கும் உயிர் என்பது ரங்கநாதன் 1931-ல் வகுத்த ஐந்து விதிகளில் கடைசி விதி. அதற்கேற்ப, இன்னொரு மாடியைத் தாங்கும் அளவுக்குத் தூணும் அடித்தளமும் இப்போதே போட்டுவிடச் சொல்லுங்கள்.

கடையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பக்கவாட்டில் இரண்டு மூன்று சிறு கடைகள் இருக்கலாம். ஒரு டீக்கடை, ஒரு ஜெராக்ஸ் கடை, முடிந்தால் ஒரு இ-சேவை மையம். வருமானச் சான்றுக்கு வந்து காத்திருக்கும் அம்மா பிள்ளையோடு உள்ளே வந்து உட்காருவார். அந்த வாடகை பேரூராட்சியின் பொது நிதிக்குள் போய்க் கரையாமல் இந்தக் கட்டடத்தின் பராமரிப்புக்கே என்று மன்றத்தில் தீர்மானம் போட வையுங்கள்.

மழையைப் பற்றி நம் ஊர்க்காரர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை, ஆனால் வரைபடம் போடுகிறவர் வேறு ஊர்க்காரராக இருக்கலாம். நமக்கு இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழையும் உண்டு, துலாமழை என்கிற வடகிழக்குப் பருவமழையும் உண்டு. ஆனி ஆடியில் ஒரு வாரம் பூட்டிக் கிடந்த அலமாரியைத் திறந்தால் காலிகோ அட்டை மேல் சாம்பல் தூவிய மாதிரிப் பூஞ்சை நிற்கும். துடைத்தால் விரலில் பச்சையாக ஒட்டும், அட்டையின் நிறமும் கூடவே வரும். தட்டைக் கான்கிரீட் கூரை மூன்றாம் ஆண்டிலிருந்து எப்படியும் ஒழுகும். வீடுகளில் செய்கிற மாதிரி மேலே இரும்புச் சட்டம் (டிரஸ்) போட்டு ஷீட் வேய்வதை முதலிலேயே மதிப்பீட்டில் சேர்த்துவிடுங்கள், அந்த இடம் பின்னால் கூட்டம் நடத்தவும் உதவும். சுற்றிலும் மூன்றடியாவது நீட்டிய சாய்ப்பு வேண்டும். அடுக்குகள் வெளிச்சுவரை ஒட்டி நிற்கக் கூடாது, ஒரு சாண் இடைவெளி விட வேண்டும். கீழ்த்தட்டு தரையிலிருந்து அரை அடியாவது உயர்ந்திருக்க வேண்டும். சன்னல்கள் வடக்கிலும் தெற்கிலும் எதிரெதிரே இருந்தால் காற்று ஓடும். மேற்குச் சுவரில் பெரிய கண்ணாடி போட்டு 'நவீன முகப்பு' என்று காட்டினால், மாலை மூன்று மணிக்கு மேல் அந்தப் பக்கம் யாரும் உட்கார முடியாது. ஏ.சி.யை நம்பி மூடிக் கட்டுவது அதைவிட மோசம். பில் கட்டப் பணமில்லாத மாதம் ஏ.சி. நிற்கும், சன்னலும் திறக்காது. கரையான் மருந்து அடித்தளம் போடும்போதே அடிக்க வேண்டிய வேலை, அதைத் தனி வரியாக மதிப்பீட்டில் காட்டச் சொல்லுங்கள். காட்டாவிட்டால் அடிக்க மாட்டார்கள்.

சமூகக் கூடத்தில்தான் எனக்குப் பயம் அதிகம். முந்நூறு பேர் உட்காரும் கூடமும் ஒரு சமையலறையும் கட்டிவிட்டால் அது கல்யாண மண்டபம் ஆகிவிடும், நூலகம் அதன் பின்கட்டு ஆகிவிடும். ஆவணி மாதத்தில் நாதஸ்வரத்துக்கும் மைக் செட்டுக்கும் நடுவில் யார் படிப்பார்கள்? ஆகவே கூடம் எண்பது, நூறு பேருக்கு மேல் கொள்ளக் கூடாது, சமையலறையே கூடாது. ஒரு பாத்திரம் கழுவும் தொட்டியும் டீ போட ஒரு மேடையும் போதும். அந்த அளவில் கல்யாணம் கட்டுப்படியாகாது, ஆனால் மகளிர் குழுக் கூட்டம், புத்தக வெளியீடு, பிள்ளைகள் நாடகம், ரத்ததான முகாம் எல்லாம் நடக்கும். உலகக் கோப்பை ஃபுட்பால் வந்தால் திரை கட்டி ஊரே உட்காரட்டும், எல்லையோரத்தில் அதைத் தடுக்க யாராலும் ஆகாது. கூடத்துக்குத் தனி வாசல், தனிக் கழிப்பறை, தனி மின் மீட்டர் இருக்க வேண்டும். இந்த மூன்றும் இல்லாவிட்டால், இரவு ஒன்பது மணிக் கூட்டத்துக்காக நூலகத்தின் கதவையும் திறந்து வைக்க வேண்டி வரும். நூலகர் புத்தகக் கணக்குக்குப் பொறுப்பானவர், அவர் ஒத்துக்கொள்ள மாட்டார். ஒத்துக்கொள்ளாததும் நியாயம்தான்.

நூலகத்தையும் ஊர்க் கூடத்தையும் ஒன்றாக வைப்பது கூடாத காரியமும் இல்லை. சிங்கப்பூர் தெம்பனிசில் 2017-ல் திறந்த வளாகத்தில் நூலகம், விளையாட்டுத் திடல், சாப்பாட்டுக் கடைகள், அரசு சேவை முகப்புகள் எல்லாம் ஒரே கூரைக்குள் நடக்கின்றன. அங்கே வேலைக்குப் போய் வந்தவர்கள் உங்கள் ஊரிலும் இருப்பார்கள், அவர்களைக் கூட்டத்துக்கு அழைத்துப் பேசச் சொல்லுங்கள். அரசு அதிகாரி சொல்வதைவிட அவர்கள் சொன்னால் ஊர் கேட்கும்.

போட்டித் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகள்தான் இன்று நம் நூலகங்களில் நாள் முழுக்க உட்காருகிறவர்கள். காலை டிபன் பாக்ஸோடு வருவார்கள், சொந்தப் புத்தகத்தைத்தான் படிப்பார்கள், நூலகத்திடம் கேட்பது மேசை, ஃபேன், வெளிச்சம், ப்ளக் பாயின்ட், அமைதி. மாடியில் அவர்களுக்குத் தனி அறை கொடுங்கள், தனி மாடிப்படியோடு. நூலக நேரத்துக்கு முன்னும் பின்னும் அது திறந்திருக்கலாம். படிக்கிறவர்களிலேயே இரண்டு பேரைப் பொறுப்பாக்கினால் அந்த அறை தானாக நடக்கும். அதற்காக முழுக் கட்டடத்தையும் டி.என்.பி.எஸ்.சி. கூடமாக்கிவிடக் கூடாது. குழந்தை சத்தம் போட்டுக் கதை கேட்கிற மூலைக்கும் இடம் வேண்டும். அது கீழே, வாசலுக்குப் பக்கத்தில், அம்மாக்கள் கண்ணில் படும்படி இருந்தால்தான் பிள்ளைகளை விடுவார்கள். பெண்கள் வராத நூலகங்களில் போய்ப் பாருங்கள். கழிப்பறை பூட்டியிருக்கும், அல்லது பஸ் நிறுத்தத்திலிருந்து வாசல் வரை விளக்கு இருக்காது. வேறு ஆராய்ச்சி தேவையில்லை.

புத்தகத்தில் நம் ஊருக்கென்று ஒரு விசேஷம் உண்டு. மலையாளத்தில் பள்ளிப் படிப்பு முடித்த பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஒரே பெஞ்சில் ஒருவர் தினத்தந்தியும் பக்கத்தில் ஒருவர் மாத்ருபூமியும் விரித்து வைத்து, இரண்டு பத்திரிகையையும் சேர்த்துத் திட்டிக்கொண்டிருப்பார்கள். இப்படிப்பட்ட ஊருக்கு என்ன மலையாளப் புத்தகம் வேண்டும் என்பதைச் சென்னையில் உட்கார்ந்து பட்டியல் போடுகிறவர் யோசிக்க முடியாது. ஆண்டுக்கு ஒரு சிறு தொகையை உள்ளூரிலேயே வாங்க ஒதுக்குங்கள், வாசகர் வட்டம் புரவலர் சேர்த்தாலே அது தேறும். எல்லைக்கு அந்தப் பக்கம் நெய்யாற்றின்கரை தாலுகா வாசகசாலைக்காரர்களைப் பார்த்துப் பேசினால் பழைய பிரதிகள் கிடைக்கவும் வழியுண்டு. பெண்களின் வீட்டுக்கே புத்தகம் கொண்டுபோய்க் கொடுத்து வாங்கி வரும் ஏற்பாடு அங்கே இருக்கிறது, அதை எப்படி நடத்துகிறார்கள் என்றும் கேட்டு வாருங்கள்.

2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் அடித்தபோது நம் மாவட்டத்தில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. அடுத்த முறை அப்படி ஒன்று வந்தால் ஊர்க்காரர்கள் செல்போன் சார்ஜ் போடவும் தண்ணீர் பிடிக்கவும் இந்தக் கட்டடத்துக்குத்தான் வருவார்கள். கூரையில் சோலார், ஒரு பேட்டரி, பெரிய தண்ணீர்த் தொட்டி மூன்றையும் மதிப்பீட்டிலேயே கேளுங்கள். சாதாரண நாளில் அது மின் கட்டணத்தையும் குறைக்கும்.

நிதி போதாமல் இழுத்தால் நமக்கு நாமே திட்டம் இருக்கிறது. மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கை ஊர் போட்டால் மிச்சம் அரசு. வெளிநாட்டில் இருக்கும் நம் ஆட்களிடம் கேட்டால் கொடுப்பார்கள். ஆனால் "என் அப்பா பேர்ல ஹால்" என்ற நிபந்தனையோடு கொடுப்பவரிடம் முதலிலேயே பேசி முடித்துவிடுங்கள், கல்வெட்டுச் சண்டையில் நின்றுபோன வேலைகள் நிறைய.

இப்போது ஒப்பந்தம். பேரூராட்சியும் மாவட்ட நூலக ஆணைக்குழுவும் கையெழுத்துப் போட, மாவட்ட ஆட்சியர் வழியாக வருவது நல்லது. கூரை, கழிப்பறை, மின்சாரம், காவல், துப்புரவு பேரூராட்சியின் பொறுப்பு. நூலகர், புத்தகம், அடுக்கு, கணினி ஆணைக்குழுவின் பொறுப்பு. கூடம், தேர்வு அறை, மாலை நேரச் சாவி ஒரு நிர்வாகக் குழுவின் பொறுப்பு. அந்தக் குழுவில் செயல் அலுவலர், நூலகர், வாசகர் வட்டத்திலிருந்து மூன்று பேர், மகளிர் குழுவிலிருந்து இருவர், படிக்கிற மாணவர் ஒருவர் இருக்கலாம். தலைவர் பதவியை எந்தக் கட்சிக்காரருக்கும் நிரந்தரமாகக் கொடுக்காதீர்கள். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பொதுக்கூட்டம் கூட்டித் தேர்ந்தெடுங்கள், வரவு செலவை வாசல் பலகையில் ஒட்டுங்கள். மாலை நேரத்துக்கு ஒரு உதவியாளர் சம்பளம் மட்டும் கையிலிருந்து போகும். கடை வாடகையில் அது அடங்கிவிடும்.

கடைசியாக, எல்லோரும் மறக்கும் ஒன்று. பழைய கட்டடத்தை இடித்த நாளிலிருந்து புதியது திறக்கும் வரை நூலகம் எங்கே நடக்கும்? "ஒரு வருஷத்துல முடிஞ்சிடும்" என்பார்கள், முடியாது. மாற்றிடத்தை முடிவு செய்து அங்கே நாளிதழும் இரவல் புத்தகமும் ஓடத் தொடங்கிய பிறகே ஓட்டைப் பிரிக்க விடுங்கள். புத்தகங்களைச் சாக்கில் கட்டிச் சமூக நலக்கூடத்தின் மூலையில் போட்டால் ஒரு மழைக்காலம் போதும். எண்ணி, பட்டியலிட்டு, அட்டைப்பெட்டியில் வைத்து, பெட்டி மேல் எண் எழுதி, பட்டியலின் ஒரு பிரதியை வாசகர் வட்டமும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பழைய தேக்கு அலமாரிகளும் அந்தப் பட்டியலில் இருக்கட்டும், இடிக்கிற வேலையில் முதலில் காணாமல் போவது அவைதான்.